வெற்றிடம் அன்று, விளையாட்டிடம்

நுழையும்முன்

ஓர் ஊர் வளர்ந்திருக்கிறதா என்பதை அங்கு எழுந்துள்ள கட்டடங்களைக் கொண்டே பலரும் மதிப்பிடுகின்றனர். அவ்வூர் எந்த நிலத்தைக் கட்டாமல் விட்டுவைத்திருக்கிறது என்பதும் வளர்ச்சியின் அளவுகோலே ஆகும். மனையின் விலை ஏறும் காலத்தில் ஊரின் திடலும் தோப்பும் குளக்கரையும் ‘சும்மா கிடக்கும் இடம்’ என்று தோன்றத் தொடங்குகின்றன. அத்தோற்றம் எவ்வளவு பிழையானது என்பதையும், பொதுத் திடல்களைக் காக்கும் வழிகள் எவை என்பதையும் நெய்யூரை முன்வைத்து இப்பாடம் விளக்குகிறது.

மலையேறிய மருத்துவர்

கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் வட்டத்தில் இரணியலுக்கும் திங்கள்நகருக்கும் அருகே அமைந்துள்ள பேரூர் நெய்யூர். தென்னையும் வாழையும் சூழ்ந்த இவ்வூரின் பெயர் தொலைவிடங்களுக்கும் பரவியதற்கு அங்குள்ள மருத்துவமனையே காரணம். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838ஆம் ஆண்டு அங்கு மருத்துவப் பணியைத் தொடங்கினார். அன்று திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்த இவ்வட்டாரத்தின் எளிய மக்களுக்கு அப்பணி பெருந்துணையாக விளங்கியது.

அம்மருத்துவமனையில் 1920களிலிருந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றியவர் தியோடர் ஹோவர்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர். அவர் தேர்ந்த மலையேற்ற வீரரும் ஆவார். 1922, 1924 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரத்தை எட்ட முயன்ற குழுக்களில் அவர் இடம்பெற்றிருந்தார். 1922ஆம் ஆண்டுப் பயணம் முடிந்தபின் இந்தியாவைச் சுற்றி வந்தபோது, நெய்யூரில் மருத்துவத்துக்காகக் காத்திருந்த மக்களைக் கண்டார். இங்கேயே பணிசெய்ய முடிவெடுத்தார். பிரான்சின் சாமோனி நகரில் 1924ஆம் ஆண்டு நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில், 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவினருக்கு மலையேற்றத்துக்கான பதக்கம் வழங்கப்பட்டது. அப்பதக்கத்துக்கு உரியவர்களுள் சாமர்வெல்லும் ஒருவர்.

நோயைத் தீர்ப்பது மருத்துவமனை. நோய் அண்டாமல் காப்பது திறந்தவெளியும் உடலுழைப்பும் விளையாட்டும். இவ்விரண்டின் பெருமையையும் ஒரே மனிதரிடம் கண்ட ஊர் நெய்யூர். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களேனும் உடலை நன்கு இயக்க வேண்டும் என உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த 60 நிமிடங்களை எங்கே செலவிடுவது என்பதே இன்று பல ஊர்களின் முன்னுள்ள வினா.

நெருங்கிவரும் வீடுகள்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 18 இலட்சத்து 70 ஆயிரம் பேர் வாழ்ந்தனர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கும் மேல் என்னும் மக்கள் நெருக்கம், தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நிலையில் இம்மாவட்டத்தை நிறுத்தியது. மக்களில் நூற்றுக்கு 82 பேர் நகர்ப்புறம் எனக் கணக்கிடப்பட்ட பகுதிகளில் வாழ்ந்தனர்.

எனினும், இம்மாவட்டத்தின் நகர்ப்புறம் மதுரையையோ கோயம்புத்தூரையோ போன்றதன்று. பேரூராட்சிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்பதைப் பெயர்ப்பலகையைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது. வீடுகள் ஒரே இடத்தில் திரளாமல், தென்னந்தோப்புகளுக்கும் மரச்சீனி விளைகளுக்கும் நடுவே பரவி அமைந்துள்ளன. மாவட்டத்தின் ஊர்ப்பெயர்களில் பல ‘விளை’ என முடிவது இவ்வமைப்பின் அடையாளமாகும். ‘விளை’ என்பது இவ்வட்டார வழக்கில் மேட்டுத் தோட்ட நிலத்தைக் குறிக்கும்.

இத்தகைய ஊர்களில் திடல் என்று தனியே ஒன்று இல்லாத இடத்திலும் விளையாட்டு இருந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என இருபோகம் விளைந்த வயல்களே அதற்கு இடம் தந்தன. கும்பப்பூ அறுவடை முடிந்து, அடுத்த விதைப்புக்கு நிலம் காத்திருக்கும் வெயில்காலத்தில் வயற்பரப்பு முழுவதும் சிறுவர்களின் களமாகியது. பள்ளி விடுமுறையும் அதே பருவத்தில் அமைந்தது. தாள் கிடந்த வயலில் மட்டையடிக் கோடு கிழிக்கப்பட்டது, வரப்பே எல்லைக்கோடாயிற்று.

நெல்வயல்கள் தென்னைக்கும் வாழைக்கும் மாறின. பின்னர் அவற்றுள் பல வீட்டுமனைகளாக மாறின. வெளிநாடு சென்று உழைத்தோர் ஊரில் ஒரு வீடு கட்ட விரும்புவதும், பாகம் பிரிந்த குடும்பங்கள் தனி வீடு அமைப்பதும் இயல்பே. ஆனால், வயல் மறைந்தபோது அதனோடு ஓர் ஊரின் விளையாட்டிடமும் மறைந்தது என்பதை எந்தப் பத்திரமும் பதிவு செய்யவில்லை. எஞ்சியிருக்கும் சில திடல்களின்மீது அனைவரின் கண்ணும் விழுவது இதனால்தான்.

மன்று முதல் புறம்போக்கு வரை

பொது நிலம் என்னும் கருத்து தமிழருக்குப் புதியதன்று. ஊர் கூடும் இடத்தை மன்று, மன்றம், பொதியில், அம்பலம் எனப் பழந்தமிழர் பல பெயர்களால் வழங்கினர். சோழர்காலச் செப்பேடுகளில் ஊரின் நிலங்கள் பட்டியலிடப்படும்போது, விளைநிலங்களோடு ‘மன்று’, ‘கன்று மேய்பாழ்’ ஆகியனவும் இடம்பெறுகின்றன. கன்றுகள் மேயும் பாழ்நிலமும் ஊரின் உடைமையாக எண்ணி எழுதத்தக்கதாக இருந்தது என்பது நோக்கத்தக்கது.

பிற்காலத்தில் இத்தகைய நிலங்களுக்குப் ‘புறம்போக்கு’ என்னும் பெயர் நிலைத்தது. வரி விதிக்கப்பட்ட விளைநிலத்துக்குப் புறத்தே அமைந்த பொது நிலம் என்பதே இச்சொல்லின் பொருள். மேய்ச்சல் புறம்போக்கு, களம் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, குளம் புறம்போக்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் இருந்தது. அச்சொல்லே இன்று வசைச்சொல்லாகத் திரிந்துவிட்டது. யாருக்கும் வரி தராத நிலம் யாருக்கும் பயன்படாத நிலமாகக் கருதப்பட்டதே இத்திரிபின் காரணம் எனலாம். சொல் இழிந்தபோது அச்சொல் குறித்த நிலமும் காவலை இழந்தது.

ஒரு திடலின் கணக்கு

திடலை இழப்பதால் நேரும் இழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்பது தெளிவைத் தரும். பன்னாட்டு ஆட்டங்களுக்கு உரிய கால்பந்துத் திடலின் அளவு 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் ஆகும். இதன் பரப்பு 7,140 சதுர மீட்டர். நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசும் குமரி மாவட்ட வழக்கில் கூறினால், ஏறத்தாழ 176 சென்ட். சாலைக்கு இடம் விடாமல் ஐந்து சென்ட் வீதம் துண்டு போட்டால் 35 மனைகள் கிடைக்கும். மனை விற்பவர் காணும் கணக்கு இது.

விளையாடுவோர் காணும் கணக்கு வேறு. அத்திடலில் ஒரு மாலைப்பொழுதில் கால்பந்து ஆடுவோர், ஓரத்தில் கைப்பந்து ஆடுவோர், ஓட்டப்பயிற்சி செய்வோர், மிதிவண்டி பழகும் சிறுவர், நடைப்பயிற்சி செய்யும் முதியோர் என ஊரே கூடுகிறது. வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் திடல் இருந்தால்தான் பல சிறுமியர் விளையாட அனுப்பப்படுகின்றனர். நாகர்கோவிலில் உள்ள அண்ணா விளையாட்டரங்கம் போட்டிகளுக்கும் தேர்ந்த பயிற்சிக்கும் பெரிதும் பயன்படும். ஆயினும், பேருந்தேறிச் சென்று சேர வேண்டிய அரங்கம், பள்ளி விட்டு வந்ததும் ஓடிச்சென்று ஆடும் திடலுக்கு மாற்றாகாது.

தேர்ந்த வீரர்களும் இத்தகைய திடல்களிலிருந்தே உருவாகின்றனர். இம்மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்திலுள்ள தூத்தூர், இரவிபுத்தன்துறை முதலிய ஊர்கள் கால்பந்துக்குப் பெயர்பெற்றவை. இந்திய அணிக்காகவும் ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர். மீனவ ஊர்களின் மணற்பரப்பில் பந்தை உதைத்துப் பழகிய தலைமுறைகளின் தொடர்ச்சியாகவே இத்தகைய வீரர்கள் தோன்றுகின்றனர்.

திடல் நீருக்கும் இடம் தருகிறது. 7,140 சதுர மீட்டர் பரப்பில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் அங்கு விழும் நீரின் அளவு 71,400 லிட்டர். மண் தரையில் அந்நீரின் ஒரு பகுதி ஊறி, சுற்றுப்புறக் கிணறுகளைச் சேரும். கூரையும் கற்காரைத் தளமும் மூடிய இடத்தில் அந்நீர் தெருவுக்கே பாயும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் குமரி மாவட்டத்தில் இவ்வேறுபாட்டை மழைக்காலந்தோறும் காணலாம்.

தெரிந்து தெளிவோம்

ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40.47 சதுர மீட்டர்.
ஆடவர் கபடிக் களம்: 13 மீ × 10 மீ = 130 சதுர மீட்டர் (ஏறத்தாழ 3.2 சென்ட்).
கைப்பந்துக் களம்: 18 மீ × 9 மீ = 162 சதுர மீட்டர் (ஏறத்தாழ 4 சென்ட்).
கால்பந்துத் திடல்: 105 மீ × 68 மீ = 7,140 சதுர மீட்டர் (ஏறத்தாழ 176 சென்ட்).
ஒரு வீட்டுக்குரிய ஐந்து சென்ட் மனையில் ஒரு கபடிக் களமோ ஒரு கைப்பந்துக் களமோ அடங்கும்.

நால்வகைத் திடல்கள்

ஊரார் அனைவரும் ‘நம் திடல்’ என்று ஒரே பெயரால் அழைத்தாலும், உரிமை நோக்கில் திடல்கள் நால்வகைப்படும். இவ்வேறுபாட்டை அறியாமையே பல திடல்கள் பறிபோகக் காரணமாகிறது.

முதலாவது, அரசுப் புறம்போக்கு நிலத்தில் அமைந்த திடல். இதன் புல எண்ணும் வகைப்பாடும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். இங்கு எழும் கட்டடம் ஆக்கிரமிப்பாகும். அரசே கட்டடம் எழுப்ப விரும்பினாலும் வகைப்பாட்டை முறைப்படி மாற்றியாக வேண்டும்.

இரண்டாவது, மனைப்பிரிவு அமைத்தவர் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் வாயிலாக ஒப்படைத்த திறந்தவெளி. இதன் உரிமையாளர் உள்ளாட்சி அமைப்பு, பயன்படுத்துவோர் பொதுமக்கள்.

மூன்றாவது, பள்ளி, கல்லூரி, கோயில், தேவாலயம், அறக்கட்டளை முதலிய நிறுவனங்களுக்குச் சொந்தமான திடல். குமரி மாவட்டத்தில் ஊர் விளையாட்டுகள் பல இத்தகைய திடல்களிலேயே நடைபெறுகின்றன. நிறுவனத்தின் இசைவு உள்ளவரை ஊருக்கு இடமுண்டு.

நான்காவது, தனியார் வயலிலோ தோப்பிலோ உரிமையாளரின் பெருந்தன்மையால் நடைபெறும் விளையாட்டு. இங்கு ஊருக்குச் சட்டப்படியான உரிமை ஏதுமில்லை. உரிமையாளர் விற்க முடிவுசெய்தால் அவரைக் குறைகூற இயலாது. அத்திடல் நிலைக்க வேண்டுமெனில், ஊராட்சியோ பேரூராட்சியோ உரிய விலை கொடுத்து வாங்குவதும், நெடுங்காலக் குத்தகைக்கு எடுப்பதுமே நேரிய வழிகளாகும்.

ஒரு திடல் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை வேலி போடப்பட்ட பின்னர் தேடுவதைக் காட்டிலும், விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அறிந்து வைப்பது நன்று.

சட்டத்தின் காவல்

தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைப் பேணவும் ஒழுங்குபடுத்தவும் 1959ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1971ஆம் ஆண்டின் நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், நிலத்தை எப்பயனுக்காகப் பயன்படுத்தலாம் என்பதைத் திட்டமிட வழிவகுத்தது. 1992ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம், பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் அதில் இடம்பெற்றுள்ளன. பூங்கா, தோட்டம், விளையாட்டிடம் ஆகியவற்றை அமைத்தல் அவற்றுள் ஒன்று. ஆகவே, குடிநீரும் தெருவிளக்கும் போலத் திடலும் பேரூராட்சியின் கடமைகளுள் அடங்குவதே ஆகும்.

மனைப்பிரிவுகளில் திறந்தவெளி ஒதுக்குவதைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 வரையறுக்கின்றன. மனைப்பிரிவின் பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டை நிலமாகவே ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித்தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவுகளில், நிலம் ஒதுக்க இயலாதபோது அதற்கு ஈடான தொகையைச் செலுத்த இடமுண்டு. 3,000 சதுர மீட்டருக்கு மிகாத மனைப்பிரிவுக்கு இக்கடமை இல்லை.

இவ்விதிகளைக் குமரி மாவட்டத்தின் நிலத்தோடு பொருத்திப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. இங்கு நிலவுடைமை மிகச் சிறு துண்டுகளாகப் பிரிந்துள்ளது. 3,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 74 சென்ட். அதற்குக் குறைவான துண்டுகள் ஒவ்வொன்றாக மனைகளாகும்போது, ஓர் ஏலா முழுவதும் வீடுகளால் நிறைந்த பின்னரும் பொதுவுக்கு ஒரு சென்ட் கூட வந்து சேராமல் போகலாம். ‘ஏலா’ என்பது இவ்வட்டாரத்தில் வயற்பரப்பைக் குறிக்கும் சொல். 10,000 சதுர மீட்டர் மனைப்பிரிவு ஒன்று 10 விழுக்காடு ஒதுக்கினாலும் கிடைப்பது 25 சென்டுக்கும் குறைவே. முழு அளவிலான ஒரு கால்பந்துத் திடலை இவ்விதியின் வழியாக மட்டுமே பெற, சாலைகள் நீங்கலாகப் பதினேழரை ஏக்கருக்கும் மேற்பட்ட மனைப்பிரிவு வேண்டும். நெய்யூர் போன்ற ஊர்களில் அது நடவாத ஒன்று. எனவே, ஏற்கெனவே உள்ள பெரிய திடல் ஒன்றை இழந்தால் அதற்கு ஈடான திடல் மீண்டும் கிடைப்பது அரிது. இருப்பதைக் காப்பதே இங்குத் தலையாய பணியாகிறது.

ஒப்புதல் பெறாத மனைப்பிரிவுகள் இச்சிக்கலை மேலும் பெருக்கின. விளைநிலங்கள் முறையின்றி மனைகளாவதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், ஒப்புதலற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதன் தொடர்ச்சியாக, 2016 அக்டோபர் 20க்கு முன்னர் உருவான ஒப்புதலற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டன. வரன்முறைப்படுத்தலால் மனை வாங்கிய எளிய மக்களின் இடர் நீங்கியது. ஆனால், தொடக்கத்திலேயே விடப்படாத திடலை எந்தக் கட்டணமும் பின்னர் உருவாக்கித் தந்துவிட இயலாது.

கரைந்துபோன பூங்கா

திடல்கள் ஒரே நாளில் மறைவதில்லை. இதற்குச் சென்னையின் வரலாறே சான்று. 1859ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்ற சர் சார்லஸ் திரெவெல்யன், நகர மக்களுக்காக ஒரு பெரும் பூங்கா அமைய முனைந்தார். சென்ட்ரல் தொடர்வண்டி நிலையத்தை அடுத்து 116 ஏக்கர் பரப்பில் ‘மக்கள் பூங்கா’ உருவானது. குளங்களும் நிழற்சாலைகளும் கொண்டிருந்த அப்பூங்காவில் உயிரியல் தோட்டமும் இடம்பெற்றது.

அப்பூங்காவின் ஒரு பகுதியில் விக்டோரியா பொது மன்றம் எழுந்தது. மற்றொரு பகுதியில் மூர் மார்க்கெட் வந்தது. 1913ஆம் ஆண்டு மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. பின்னர் விளையாட்டரங்கமும் வேறு பல கட்டடங்களும் அமைந்தன. உயிரியல் தோட்டம் 1985ஆம் ஆண்டு வண்டலூருக்கு இடம்பெயர்ந்தது. இன்று ‘மைலேடி பூங்கா’ என்னும் சிறு பகுதியே பழைய பூங்காவை நினைவூட்டி நிற்கிறது.

இங்கு எழுந்த கட்டடங்களுள் எதுவும் தீயதன்று. மன்றமும் சந்தையும் மாநகராட்சி அலுவலகமும் விளையாட்டரங்கமும் மக்களுக்குத் தேவையானவையே. ஒவ்வொரு முறையும் ‘இவ்வளவு பெரிய பூங்காவில் இச்சிறு பகுதிதானே’ என்னும் எண்ணமே வென்றிருக்கும். நல்ல நோக்கங்கள் பல சேர்ந்தும் ஒரு பூங்காவை இல்லாமலாக்கிவிட முடியும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம். தனியாரின் பேராசையிலிருந்து மட்டுமன்றி, பொதுக் கட்டடங்களின் தேவையிலிருந்தும் திடல் காக்கப்பட வேண்டியுள்ளது.

பூங்காவா, மருத்துவமனையா?

பொதுத் தேவைகள் இரண்டு மோதும்போது எதற்கு முதலிடம் தருவது என்னும் வினாவை உச்சநீதிமன்றமே ஆராய நேர்ந்தது. பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதிக்கான திட்டத்தில் பொதுப் பூங்காவுக்கென ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்விடத்தைத் தனியார் மருத்துவமனை அமைப்பதற்காக ஓர் அறக்கட்டளைக்கு அளிக்க 1976ஆம் ஆண்டு ஆணையிடப்பட்டது. அப்பகுதி மக்கள் இதனை எதிர்த்து நீதிமன்றத்தை நாடினர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. நீதியரசர்கள் தொம்மன், சகாய் ஆகியோர் 1991ஆம் ஆண்டு தீர்ப்பளித்தனர்.

மருத்துவமனையும் மக்களுக்கு நன்மை தருவதுதானே என்னும் வாதம் அங்கு முன்வைக்கப்பட்டது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. திறந்தவெளியும் சிறுவர் விளையாட்டிடமும் பொதுநலனின் பாற்பட்டவை. நோய் வந்தபின் தீர்ப்பதினும் வருமுன் காப்பதே சிறந்தது. பூங்காவை அகற்றுவதால் நேரும் இழப்பை மருத்துவமனை ஒன்றை நிறுவி ஈடுசெய்ய இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அவ்விடத்தைப் பயன்படுத்தும் உரிமையுடைய பகுதிவாழ் மக்கள் வழக்குத் தொடுக்கலாம் என்பதையும் நீதிமன்றம் உறுதிசெய்தது. மருத்துவமனையால் பெயர்பெற்ற நெய்யூருக்கு இத்தீர்ப்பின் பொருள் எளிதில் விளங்கும். மருத்துவத்தின் அருமையை அறிந்த ஊரே நோய்த்தடுப்பின் அருமையையும் அறியும்.

சிற்றூர்களின் பொது நிலம் குறித்தும் உச்சநீதிமன்றம் 2011ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் ஒரு முதன்மையான தீர்ப்பை வழங்கியது. பஞ்சாப் மாநிலம், பாட்டியாலா மாவட்டத்தில் ஊர்க்குளத்தை மேடாக்கிச் சிலர் வீடு கட்டினர். பணம் பெற்றுக்கொண்டு அவர்களுக்கே நிலத்தை அளித்துவிடலாம் என மாவட்ட ஆட்சியர் முடிவெடுத்தார். ஜக்பால் சிங் வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில் நீதிமன்றம் இம்முடிவை ஏற்க மறுத்தது. நெடுங்காலம் குடியிருந்ததோ பெருந்தொகை செலவிட்டுக் கட்டியதோ ஆக்கிரமிப்பை முறைப்படுத்தக் காரணமாகாது என்றும், ஊர்ப் பொதுநிலங்களை மீட்க மாநில அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் அது ஆணையிட்டது.

வீடும் வேண்டும், திடலும் வேண்டும்

வீடு கட்டுதல் குற்றமன்று. கூரையற்ற குடும்பத்துக்கு மனை கிடைப்பது சமுதாயக் கடமை. திடலைக் காப்போர் இதனை மறுத்தால் அவர்தம் வாதம் வலுவிழக்கும். ஏற்கெனவே கட்டப்பட்ட பகுதிகளில் மாடிகளை உயர்த்துதல், பயனற்றுக் கிடக்கும் பழங்கட்டடங்களை மாற்றிக் கட்டுதல், மனைப்பிரிவுகளை ஒப்புதலோடு அமைத்தல் எனக் குடியிருப்புக்கு வழிகள் பல உள்ளன. வீட்டுக்கு மாற்றிடம் காணலாம். ஊர் நடுவேயுள்ள திடலுக்கு மாற்றிடம் காண்பது கடினம். ஏனெனில், திடலின் பயன் அதன் பரப்பில் மட்டுமன்று, அண்மையிலும் உள்ளது.

பிற நாடுகள் கண்ட வழிகளும் கருதத்தக்கன. பிரித்தானியாவில் விளையாட்டுத் திடல்கள் மனைகளாவதைக் கண்டு 1925ஆம் ஆண்டு ஒரு தேசியச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. 1936ஆம் ஆண்டு மறைந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் நினைவாகச் சிலைகளோடு நில்லாமல், விளையாட்டுத் திடல்களை உருவாக்கும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது. அவ்வகையில் 471 திடல்கள் அமைந்தன. மக்களின் விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மட்டுமே பயன்பட வேண்டும் என்னும் சட்டக் கட்டுப்பாட்டோடு அவை எழுதிவைக்கப்பட்டன. ஒரு தலைமுறையின் நல்லெண்ணத்தை அடுத்த தலைமுறையின் தேவை அழித்துவிடாமல் காப்பது எழுத்தே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

குமரி மாவட்டத்திலேயே இதற்கு ஒத்த சான்று உண்டு. சுசீந்திரம் - தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. பறவைகள் வந்து தங்கும் அக்குளங்கள் நெடுங்காலமாக இருந்துவருபவையே. எல்லையும் பெயரும் பயனும் உலகறியப் பதிவானபின் அவற்றைத் தரிசு என்று கூறுவது எவருக்கும் எளிதன்று. திடலுக்கும் இதுவே பொருந்தும். புல எண் அறியப்பட வேண்டும். எல்லைக்கற்கள் ஊன்றப்பட வேண்டும். பேரூராட்சியின் சொத்துப் பதிவேட்டில் விளையாட்டிடம் என்று எழுதப்பட வேண்டும்.

எழுத்துக்கு அடுத்த காவல் பயன்பாடு. முட்புதர் மண்டிய திடலை ஆக்கிரமிப்பது எளிது. மாலைதோறும் பிள்ளைகள் ஓடியாடும் திடலில் ஒரு கல்லை நடுவதும் கடினம். ஓரங்களில் நிழல்மரங்கள், மழைநீர் வடிய வழி, சிறுமியரும் தயக்கமின்றி வர ஏற்ற விளக்கொளி, முதியோர் அமர ஒரு திண்ணை ஆகியன அமைந்தால் திடலுக்கு ஊர் முழுவதும் காவலாகும்.

நில ஆவணங்களில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஓர் உரிமையாளர் பெயர் உண்டு. திடலின் உரிமையாளரோ இன்னும் பிறவாத பிள்ளைகளும் அடங்கிய ஊர். அவர்கள் கையொப்பமிட வர இயலாது. அவர்கள் பொருட்டு இன்று வாழ்வோர் கையொப்பமிட வேண்டியுள்ளது. திடலில் ஆடி வளர்ந்த ஒவ்வொருவரும் அத்திடலை ஆடுகளமாகவே அடுத்தவர்க்கு விட்டுச் செல்வதுதான் அதற்குச் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள திடல், குளக்கரை, பூங்கா ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவை பாடத்தில் கூறப்பட்ட நால்வகையுள் எவ்வகையைச் சேர்ந்தவை எனக் கிராம நிர்வாக அலுவலரிடமோ உள்ளாட்சி அலுவலகத்திலோ கேட்டறிந்து எழுதுக.

2. உங்கள் பள்ளித் திடலை அளந்து, அதன் பரப்பைச் சதுர மீட்டரிலும் சென்டிலும் கணக்கிடுக. அத்திடலில் எவ்வெவ் விளையாட்டுகளுக்குக் களம் அமைக்கலாம் என வரைபடம் வாயிலாக விளக்குக.

3. ‘ஊர்த் திடலில் சமுதாயக்கூடம் கட்டலாமா?’ என்னும் பொருளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

4. பயன்பாடின்றிக் கிடக்கும் திடலைச் சீரமைத்துத் தருமாறு பேரூராட்சிச் செயல் அலுவலருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.